கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பவளக் காளான்

ஆக்லாந்தின் காளான் சேகரகத்தில் நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள் ரஜனி. யாழ்ப்பாணத்துக்காரி, வேலையில் கெட்டி. சென்ற மாதம் ஒருநாள் ஃபோனில் அழைத்தாள். ஆஸ்திரேலியப் பவளக் காளான்களின் பெயர்களைக் கணினியில் சரிபார்த்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாளாம்.

“அக்கா, இந்த ரெண்டு இனத்தையும் ஏன் ஒண்டாச் சேர்த்தவை எண்டதுக்குக் கட்டுரையில ஒரு வரிதான் கிடக்கு. நிறத்தைப் பார்த்ததில் தவறு எண்டு மட்டும். மரியன் மாதிரி ஒரு ஆள் நிறத்தில பிழை விடுவாவோ?”

“விட்டாங்க,” என்றேன்.

“அப்ப அதை ஒருக்கா எழுதித் தாங்கோவன். இப்ப எங்களுக்கு நிறம் பாக்கிற மெஷின் வந்திட்டுது. காளானில வச்சு அமத்தினா நம்பர் சொல்லுது. இனிக் கண்ணே தேவையில்லை எண்டு இங்க பகிடி விடுகினம்.”

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் கேட்டது ஒரு தவறைப் பற்றி. ஆனால் எனக்கு மேலே இருந்த மரியனைப் பற்றிச் சொல்லாமல் அந்தத் தவறைச் சொல்ல முடியாது.

காளான் என்றதும் நமக்குக் குடைதான் நினைவுக்கு வரும். பவளக் காளானுக்குக் குடை கிடையாது. அடியில் ஒரு தடித்த தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை என்று பிரிந்து, கடலடியிலிருந்து பவளப்பாறைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டுத்தரையில் நட்டது போல நிற்கும். மஞ்சள், ஆரஞ்சு, ரோஜா, ஊதா என்று பல நிறங்கள். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகளில் இலையுதிர் கால மழைக்குப் பின் முளைத்து, கொஞ்ச நாளில் அழுகிவிடும். பறித்து உலர்த்தினால் எல்லாம் ஒரே பழுப்பு. உயிரோடு இருந்தபோது மஞ்சளாக இருந்ததும் ஊதாவாக இருந்ததும் பெட்டிக்குள் கருவாட்டுத் துண்டுகள் போல ஒன்றாகவே கிடக்கும். அதனால் நிறத்தை அன்றே பார்த்து எழுதியாக வேண்டும். பெட்டியைத் திறந்து பிறகு யாராலும் அதைச் சரிபார்க்க முடியாது. பார்த்தவரின் கண்தான் சாட்சி.

நான் கோயம்புத்தூரில் தாவரவியல் படித்து, மரத்தை அழுகவைக்கும் காளான்களில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். கணவர் சேகருக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்து இங்கே வந்தபோது என் பட்டத்தை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பென்ரோஸில் உணவுப்பொருள்களைச் சோதிக்கும் ஒரு லேபில் சில வருடங்கள் ரொட்டியிலும் பழக்கூழிலும் பூசணம் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகுதான் காளான் சேகரகத்தில் ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. நூலகத்தில் புத்தகங்களை அடுக்குவது போல, உலர்த்திய காளான்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கும் இடம் அது.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் என் விசா பற்றியும் பழைய வேலை பற்றியும் கேட்டார்கள். மூன்றாமவர் உயரமான பெண்மணி. நரைத்த தலையை ஆண்பிள்ளை போல வெட்டிவிட்டிருந்தார். அதுவரை பேசாமல் இருந்தவர் ஒரு சிறு பெட்டியைத் திறந்து என் முன்னால் தள்ளினார். அவர்தான் மரியன். அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் தருகிறேன்.

“இது என்ன?”

“பழுப்பா ஒரு துண்டு. ராமேரியான்னு நினைக்கிறேன்,” என்றேன். பவளக் காளான்களில் பல இனங்கள் அடங்கிய ஒரு பேரினத்தின் பெயர் அது.

“இதுல நீ பார்த்தது எது, ஊகிச்சது எது?”

“பழுப்புங்கறது பார்த்தது. ராமேரியாங்கறது ஊகம்.”

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது. 

மரியன் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். ஆக்லாந்துக்காரரான லயனலைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து கிளென்ஃபீல்டில் குடியேறியவர். ஆஸ்திரேலியாவின் பவளக் காளான்கள் எல்லாவற்றையும் விவரித்து ஒரே புத்தகமாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் வேலை. அவருடைய சுபாவத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. முதல்நாளே அதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஒரு காலையில் வந்து, எழுத்துப் பிசகாமல் முழுசாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், “அரசின்னு சுருக்கிக்கலாமா?” என்று கேட்டார். மற்றவர்கள் சுருக்கியது வேறு விதம். அதை இங்கே எழுத வேண்டாம்.

எங்களுக்குள் வேலை தெளிவாகப் பிரிந்திருந்தது. வருடா வருடம் இலையுதிர் காலத்தில் மரியன் ஆஸ்திரேலியா போய்க் காளான்களைத் தேடி, புதிதாக இருக்கும்போதே பார்த்து எழுதி, உலர்த்திக் கொண்டுவருவார். மைக்ராஸ்கோப் என் பொறுப்பு. உலர்ந்த துண்டைக் காரக் கரைசலில் ஊறவைத்து, பிளேடால் மெல்லிசாகச் சீவி, நீலச் சாயம் ஏற்றிப் பார்ப்பேன். காளானின் விதை மாதிரியான வித்துகள் அதில் தெரியும். அவற்றின் நீள அகலத்தை அளந்து, மேலே உள்ள சொரசொரப்பைப் படமாக வரைவேன். நான் அளந்தது மரியன் கண்ணுக்கு ஒத்துவராவிட்டால் வேறொரு துண்டிலிருந்து மறுபடி அளக்கச் சொல்வார். ஒருநாளும் குரல் உயராது. “எனக்காக இன்னொரு தடவை” என்பார், டீ போட்டுத் தரச் சொல்வது போல.

காட்டுக்குப் போகும்போதெல்லாம் லயனல் அவருக்குத் துணை. பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டுவது அவர், கூடை சுமப்பது அவர். பவளக் காளானை மேலோடு ஒடித்தால் பயனில்லை. மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டும் முழுசாக வேண்டும். லயனல் மண்டியிட்டு, பழைய வெண்ணெய்க் கத்தியால் சுற்றி மண்ணை அரித்து, ஒரு கிளைகூட உடையாமல் எடுத்துவிடுவாராம். “காளானைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. மூணு பேரைத் தவிர எல்லாப் பேரையும் தப்பாத்தான் சொல்லுவார். ஆனா அவர் தோண்டினா உடையாது,” என்று மரியன் சொல்வார்.

நான் சேர்ந்து சில வருடங்களில் லயனல் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் மரியன் தனியாகவே போனார். விக்டோரியா மாநிலத்து மலைக்காட்டில் ஓர் ஓடைப் பள்ளம் உண்டு. முந்தைய பயணத்தில் நேரமாகிவிட்டதால் இறங்க முடியாமல், அடுத்த தடவை பார்க்கலாம் என்று லயனல் சொல்லியிருந்த இடம். அங்கே அவர் ஒரு பவளக் காளானைக் கண்டார். வெளிர் மஞ்சள் கலந்த மங்கிய நிறம். நிறம் ஒப்பிடும் புத்தகத்தில் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு, எனக்கு அது சந்தன நிறம். அதுவரை யாரும் விவரிக்காத இனம் என்று முடிவு செய்து, லயனலின் பெயரை அதற்கு வைத்தார். ராமேரியா லயனெலி. வித்துகளை அளந்து வரைந்தது நான். அந்தக் கட்டுரை அச்சான இதழ் வந்த அன்று அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். வேறெந்தக் கட்டுரையையும் அவர் வீட்டுக்கு எடுத்துப்போய் நான் பார்த்ததில்லை.

இன்னும் மூன்று நான்கு வருடங்கள் போயின. புத்தகம் முடியும் நிலையில் இருந்தது. ஒருநாள் மரியன் என் மேசைக்கு வந்தார்.

“இந்தத் தடவை நீயும் வாயேன், அரசி. கார் ஓட்ட ஒரு ஆள் வேணும். வளைவான ரோட்ல எதிர்ல வர்ற லைட் கண்ணைக் கூசுது.”

அப்படித்தான் நான் முதல்முறையாக அவரோடு காட்டுக்குப் போனேன். மெல்பர்னில் இறங்கி, கார் எடுத்து, கிழக்கே மலையடிவாரத்தில் ஒரு மோட்டலில் தங்கினோம். அறை எடுக்கும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தெற்குப் பக்கம் ஜன்னல் வேண்டும். பூமியின் இந்தப் பாதியில் தெற்கு ஜன்னலில் வெயில் நேராக விழாது. நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் கிடைக்கும்.

அவர் வேலை செய்யும் விதத்தை அங்கேதான் முழுசாகப் பார்த்தேன். காட்டிலிருந்து வந்ததும், மழையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல், மேசையில் சாம்பல் நிற அட்டையை விரிப்பார். அதன் மேல் ஒரு கொத்துக் காளான். முதலில் மூக்கருகே பிடித்து வாசனை. பிறகு நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்து, கசப்பா இல்லையா என்று பார்த்துத் துப்புவார். தண்டை விரலால் அழுத்தி, கன்றிப்போகிறதா என்று காத்திருப்பார். இரும்பு உப்புக் கரைசலில் ஒரு சொட்டு வைத்து, பச்சையாகிறதா என்று பார்ப்பார். கடைசியாக நிறம். நிறங்களுக்கென்று ஒரு சிறு புத்தகம் உண்டு. பக்கம் பக்கமாகச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துளை. காளானை அந்தத் துளைக்கு அடியில் வைத்து, சதுரமும் காளானும் ஒன்றாகத் தெரியும்வரை பக்கம் புரட்ட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆரஞ்சு இனங்கள், மஞ்சள் இனங்கள் எல்லாம் எனக்கும் அப்படியே தெரிந்தன.

மூன்றாம் நாள் லயனலின் பள்ளத்துக்குப் போனோம். அழுகி விழுந்த மரத்தின் பக்கத்தில், பெரணிகளுக்கு நடுவே, இரண்டு கை அகலத்துக்கு ஒரு கொத்து நின்றது. மரியன் நின்றுவிட்டார்.

“அதோ, லயனல்,” என்றார்.

நான் பார்த்தேன். அது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அடர்த்தியாக இல்லை. கத்தரிச்செடியில் பூ வாடத் தொடங்கும்போது வெளிறிப்போன ஒரு நிறம் வருமே, அது. பள்ளத்தின் மங்கிய வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறதோ என்று நினைத்துக்கொண்டேன். தோண்டி எடுத்து, மோட்டலுக்குக் கொண்டுவந்து, தெற்கு ஜன்னலோரம் சாம்பல் அட்டையில் வைத்தோம். இன்னும் தெளிவாகக் கத்தரிப்பூவாகவே இருந்தது. மரியன் புத்தகத்தைப் புரட்டி ஒரு சதுரத்தில் நிறுத்தினார். அந்தச் சதுரம் சந்தனம். அதன் துளைக்குள் தெரிந்த காளான் கத்தரிப்பூ. இரண்டும் ஒட்டவே இல்லை. அவர் திருப்தியோடு எண்ணைச் சொன்னார். நான் எழுதினேன்.

எழுதும்போதே எனக்கு இன்னொரு நினைவு வந்தது. பல வருடங்களுக்கு முன், நான் சேர்வதற்கும் முன்னால், மரியன் விவரித்த இனம் ஒன்று. அந்த மலைக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. வெளிர் ஊதா நிறத்தையே லத்தீனில் பெயராக வைத்திருந்தார். லயனெலியையும் அதையும் பிரித்துக் காட்டியது முக்கியமாக நிறம்தான். வித்துகள் கொஞ்சம் நீளம் என்று நான் அளந்திருந்தேன், ஆனால் மயிரிழைதான் வித்தியாசம். டிஎன்ஏ பார்க்கவில்லையா என்று இப்போது கேட்பார்கள். அப்போது எல்லா மாதிரிக்கும் அதைச் செய்யும் வசதியில்லை. லயனெலியில் ஒருமுறை முயன்று ஒன்றும் வரவில்லை. ஃபோட்டோக்கள் இருந்தன. ஆனால் வெளிர் ஊதாவைக் கேமரா பெரும்பாலும் சாம்பலாகவோ நீலமாகவோ மாற்றிவிடும். அதனால் படத்தை நம்பாதே, கண்ணை நம்பு என்பதுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது.

அன்று சாயங்காலம் மரியன் குளிக்கப் போன நேரத்தில் சேகரை ஃபோனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“கண்ல ஏதோ கோளாறு போலருக்கு,” என்றார்.

“சொல்லணும்ல.”

“சொல்லணும். அந்தம்மா கோவிச்சுக்கிட்டா?” என் வேலை அப்போது வருடத்துக்கு வருடம் நீட்டிக்கும் ஒப்பந்தம். நீட்டிக்கலாம் என்று எழுதிக்கொடுப்பவர் மரியன்.

“கோவம்கூடப் பரவால்லைங்க. அது அவங்க வீட்டுக்காரர் பேரு.”

“சொல்லாம நீ திரும்பி வந்தீன்னா வீட்ல ஒரு வேலையும் ஓடாது உனக்கு. காலைல சொல்லிப்போடு,” என்றார் சேகர்.

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

“மரியன், நேத்து நான் எழுதினது நீங்க சொன்ன எண். நான் பார்த்தது வேற.”

“என்ன பார்த்தே?”

“ஊதா. வெளிர் ஊதா.”

கோப்பையைக் கீழே வைத்தார். குளிர்பெட்டியிலிருந்து காளானை எடுத்துவந்து ஜன்னலோரம் வைத்தார். நிறப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, “காட்டு,” என்றார். நான் ஊதாப் பக்கத்தைத் திருப்பி, பொருந்தும் சதுரத்தின் துளையில் வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவருடைய சந்தனச் சதுரத்தில் வைத்து மறுபடி பார்த்தார். 

“ரெண்டும் பொருந்துது,” என்றார். “எனக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கு, அரசி.”

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. சதுரத்தையும் காளானையும் ஒரே கண்ணால்தானே பார்க்கிறார், பின் எப்படித் தவறும் என்று ரஜனி கேட்பாள். தவறியது இப்படித்தான். கண்ணின் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டால் வெளிர் ஊதாவும் வெளிர் சந்தனமும் ஒரே மங்கலாகத் தெரியும். எந்தச் சதுரத்தை வைத்தாலும் பொருந்தும். அதில் முதலில் கைக்கு வந்ததைத்தான் அவர் எழுதியிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மோட்டலுக்கு முன்னால் புல்வெளி, அதன் ஓரத்தில் வேலி. வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், போவதா வேண்டாமா என்று தெரியாமல். திரும்பி வந்தபோது, “மூணு வருஷமா வீட்டு ஜன்னல் அழுக்காயிருக்குன்னு நினைச்சுத் துடைச்சுக்கிட்டிருந்தேன்,” என்றார். பிறகு, “இன்னிக்கு எந்தப் பள்ளம்?” என்று கேட்டார். மீதி நாள்களில் நிறம் பார்த்தது நான், எழுதியது அவர்.

ஆக்லாந்து திரும்பிய வாரமே கிளென்ஃபீல்ட் மாலில் இருக்கும் கண்ணாடிக் கடைக்கு அவரை அழைத்துப்போனேன். பரிசோதித்த பெண் இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருப்பதாகச் சொல்லிக் கண் டாக்டருக்கு எழுதிக் கொடுத்தாள். முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் பார்க்கப் போனேன். சமையலறை நடுவில் நின்றிருந்தார்.

“இந்தச் சுவரைப் பாரு. லயனல் போன பிறகு நானே நிறம் தேர்ந்தெடுத்து அடிச்சேன். வெண்ணெய் நிறம்னு நினைச்சேன். இது ஆஸ்பத்திரி வெள்ளை.” சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு கார்டிகனை எடுத்துவந்து மேசையில் போட்டார். அடர்த்தியான ஊதா.

“இது கருப்புன்னு நினைச்சு லயனல் அடக்கத்துக்குப் போட்டுட்டுப் போனேன். முன்வரிசையில உக்காந்திருந்தேன். ஒருத்தரும் சொல்லலை.”

“அந்த நேரத்துல யாரு சொல்லுவாங்க, மரியன்?”

“ஆமா. துக்கத்துல இருக்கிறவகிட்ட யாரு சொல்லுவா.” கார்டிகனை மடித்தார். “நீ சொன்னே.”

அதைப் பாராட்டாகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

இடது கண்ணுக்கும் சீக்கிரமே தேதி கொடுப்பதாக டாக்டர் சொன்னார். மரியன் வேண்டாம் என்றுவிட்டார். பயப்படுகிறார் என்று டாக்டர் நினைத்துத் தைரியம் சொல்லியிருக்கிறார். என்னிடம் மரியன் காரணத்தைச் சொன்னார்.

“கண்ணு எப்போ கெட ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியாது. அந்த வருஷங்கள்ல நான் எழுதின நிறமெல்லாம் சந்தேகம். புதுக் கண்ணை மட்டும் வச்சுக்கிட்டுப் போனா, இப்ப என்ன நிறம்னு தெரியும். அப்ப ஏன் அப்படி எழுதினேன்னு தெரியாது. பழைய கண்ணு இருந்தாத்தான் எது காளானோட வித்தியாசம், எது என்னோட வித்தியாசம்னு பிரிக்க முடியும்.”

புத்தகம் நின்றது. பதிப்பாளருக்கு அவரே கடிதம் போட்டு, அச்சுக்குப் போக வேண்டியதைத் தள்ளிவைத்தார். அடுத்த இலையுதிர் காலத்தில் மறுபடி கிளம்பினோம். அவர் விவரித்த ஒவ்வொரு இனத்தையும் முதலில் கண்ட இடத்திலேயே தேடிப் போனோம். கிடைத்ததும் அவர் அதன் முன்னால் மண்டியிடுவார். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிப் பார்ப்பார், பிறகு வலது கண்ணை மூடிப் பார்ப்பார். பெரும்பாலானவை தப்பித்தன. மஞ்சளும் ஆரஞ்சும் பழைய கண்ணிலும் அவ்வளவாக மாறவில்லை. வெள்ளை என்று இருக்க வேண்டியது இரண்டு இடத்தில் வெண்ணெய் நிறமாகியிருந்தது. அதைத் திருத்திக்கொண்டோம்.

லயனலின் பள்ளத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. அதே மரத்தின் பக்கத்தில் அதே கொத்து. மரியன் ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றதை.

“வலது கண்ல நீ சொன்னது,” என்றார். “இடது கண்ல நான் எழுதினது.”

அந்தக் கொத்திலிருந்து எடுத்த புதுத் துண்டில் டிஎன்ஏவும் வந்துவிட்டது. பழைய ஊதா இனத்தோடு அப்படியே பொருந்தியது. நான் வித்துகளை மறுபடி அளந்தேன். இன்னும் பல கொத்துகளை எடுத்துப் பார்த்ததும் அந்த மயிரிழை வித்தியாசமும் கரைந்துபோனது. இரண்டும் ஒரே இனம். எங்கள் தொழிலில் இதற்கு விதி உண்டு. ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் விழுந்துவிட்டால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், பின்னால் வைத்தது போய்விடும். போன பெயரை அதே பேரினத்தில் வேறெந்தக் காளானுக்கும் மறுபடி வைக்கவும் கூடாது. லயனெலி போனால் போனதுதான்.

நான் அவரிடம் வாதாடிப் பார்த்தேன். “புத்தகத்துல சந்தேகம்னு ஒரு குறிப்புப் போட்டு விட்டுடலாமே. பின்னால வர்றவங்க யாராவது சேர்த்துக்கட்டும்.”

“சந்தேகம் எங்கே இருக்கு?”

“எனக்கு மனசு வரலை, மரியன்.”

“எனக்கு மட்டும் வருதா?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அவர் தச்சர், அரசி. அளவு தப்பிச் செஞ்ச நாற்காலியில தன் பேரைப் போட்டா ஒத்துக்க மாட்டார். நீ எழுது. உன் பேரு முதல்ல வரட்டும்,” என்றார்.

அந்தக் கட்டுரை சின்னது, மூன்று பக்கம்கூட வராது. ஆனால் அதை எழுத எடுத்துக்கொண்ட காலத்தில் பெரிய கட்டுரை இரண்டு எழுதியிருப்பேன். ஒவ்வொரு முறையும் காரணத்தைச் சொல்லும் இடத்தில் வந்து நிற்பேன். ‘இளம் காளானுக்கும் முற்றிய காளானுக்கும் உள்ள நிற வேறுபாட்டால்’ என்று ஒருமுறை எழுதினேன். மரியன் அடித்துவிட்டார். இதழின் ஆசிரியரும் நல்ல மனிதர். மென்மையாகச் சொல்லலாமே என்று அவர் ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினார். மரியன் அதையும் அடித்து, தன் கையால் எழுதினார்: ‘இரண்டாம் ஆசிரியர் நிறத்தைப் பார்த்ததில் தவறு.’ இரண்டாம் ஆசிரியர் என்றது தன்னைத்தான். ரஜனி கண்ட வரி அது.

இன்னும் சில இனங்கள் மிச்சமிருந்ததால் அதற்கடுத்த வருடமும் போனோம். அதற்குள் மரியனுக்கு நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் மங்கலாகவும் இருந்தால் படி இறங்கும்போது ஆழம் சரியாகத் தெரியாது. இரண்டு முறை விழுந்தும் இருந்தார். இதற்காகவா இத்தனை நாள் அந்தக் கண்ணை வைத்திருந்தார் என்று சேகர்கூடக் கேட்டார். கடைசி இனத்தையும் பார்த்து முடித்தோம். இடது கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. ஆக்லாந்து திரும்பிய அடுத்த வாரம்.

ஊருக்குத் திரும்பும் அன்று காலை, ஏர்போர்ட் போகும் வழியில், “அந்தப் பள்ளத்துக்கு ஒரு நடை போயிட்டுப் போலாமா?” என்று மரியன் கேட்டார். அங்கே எங்களுக்கு வேலை எதுவும் பாக்கியில்லை. நான் காரைத் திருப்பினேன்.

கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். இந்த வருடம் கொத்து சற்றுத் தள்ளி, விழுந்த மரத்தின் மறுபக்கம் முளைத்திருந்தது. மரியன் மரத்தின் மேல் உட்கார்ந்தார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அப்படியே இருந்தார். எங்கேயோ ஒரு பறவை மற்றப் பறவைகளைப் போலெல்லாம் கத்திக்காட்டிக்கொண்டிருந்தது. நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எப்படித் தெரியுது?” என்று கேட்டேன்.

“நான் எழுதினபடியே இருக்கு. மங்கின மஞ்சள். நுனி மட்டும் வெளுப்பு.” கையை எடுக்கவில்லை. “அடுத்த வாரம் இந்தக் கண்ணையும் மாத்திடுவாங்க. அப்புறம் இதைப் பார்க்க ஆள் கிடையாது.”

விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, நான் அதைச் சொல்லவில்லை. அவரே கையை எடுத்தார். இரண்டு கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்திருக்க என் பக்கம் கையை நீட்டினார்.

கூடையும் கத்தியும் காரில்தான் இருந்தன. அந்தக் கொத்தை நாங்கள் தோண்டவில்லை. மேலே ஏறி வந்தோம்.